குடம் அவர்களுக்கு ஒரு நினைவூட்டல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஒரு மணி நேரம் ஏதாவது சொல்லுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். பேசினால் நான் எங்கெங்கோ போய்விடுவேன், எழுதியே தருகிறேன் என்றேன். பிழை திருத்துவது எப்படி, பக்கம் அமைப்பது எப்படி என்பதையெல்லாம் இதில் தேடாதீர்கள். அவை மூன்று மாதத்தில் தானாகக் கைக்கு வந்துவிடும். நான் முப்பத்தோரு வருஷம் எடிட்டராக இருந்தேன். பெரும்பாலும் நன்றாகவே வேலை பார்த்தேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் ஒரு நாவலை, அதுவும் சிரிக்க வைக்கிற நாவலை, என் கையாலேயே கொல்லப் பார்த்தேன். உங்களுக்கு உருப்படியாக ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் அந்தக் கதையைத்தான் கொடுக்க முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம். கீழே அச்சு இயந்திரங்கள். மேலே ஒரு பக்கம் என் மேசையும் முதலாளியின் மேசையும், மறுபக்கம் பத்துப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து அச்சான தாள்களை மடித்து, அடுக்கி, தைத்துப் புத்தகமாக்குவார்கள். தமிழிலும் கன்னடத்திலும் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள். மற்ற நாட்களில் கல்யாணப் பத்திரிகை. நான் காக்ஸ் டவுனிலிருந்து பஸ் பிடித்து வருவேன். மொழியியலில் எம்.ஏ. முடித்து ஐந்து வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வாக்கியத்தைப் பார்த்தால் அதன் எலும்பு எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. நகைச்சுவைப் புத்தகம் எது வந்தாலும் அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப் பிரதியை அந்தப் பெண்களுக்கு மதியத்தில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் எங்கே சிரிக்கிறார்களோ அங்கே ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. இதை ஏற்படுத்தியவர் எங்கள் முதலாளி. அவர் எதற்கும் சிரிக்காத மனிதர். எனக்குச் சிரிப்பு வராது, அதனால் வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன் என்பார். நல்ல நகைச்சுவை வந்த வாரத்தில் சிரிப்பில் கை தவறி மடிப்புகள் கோணிக்கொண்டு கழிவுத் தாள் கூடும். அதையும் அவர் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, பரவாயில்லை, புத்தகம் தேறும் என்று சொல்லிவிட்டுப் போவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஏகாம்பரம் வந்தார். ஜோகுபாளையத்துக்காரர். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர், ஐம்பதை நெருங்கும் வயது. ஏழு கோடுபோட்ட நோட்டுகளை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பதினோரு வருஷமாகத் தொழிற்சாலைக் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நண்பர்களுக்குச் சொல்லி வந்த கதையாம். "அவங்கதான் எழுது எழுதுன்னு உயிர எடுத்தாங்க மேடம். எழுதிட்டேன். எங்க ஒர்க்ஷாப்புல நாப்பது பேருக்கு மேல வி.ஆர்.எஸ். வாங்கிக்கினு போறோம். கடைசி நாளு கேன்டீன்ல எல்லாருக்கும் சாப்பாடு. அன்னிக்கு இது புக்கா அவங்க கையில இருக்கணும்." விருப்ப ஓய்வுக்கான தேதி முடிவாகிவிட்ட விஷயம். ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குச் சரியாக ஏழு வாரம் இருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே வாசல், பத்து வாடகை வீடு, ஒரே குழாய். தணிகாசலம் என்று ஒருவர், அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யாரும் கேட்காமலே குழாய்ச் செயலாளராகிறார். குழாய்க்கு மேலே சுவரில் அறிவிப்பு ஒட்டுகிறார். மூன்றாம் வீட்டுக் குடம் ஒருநாள் வரிசை தவறி முதலில் நின்றுவிடுகிறது. அறிவிப்பு வருகிறது: "மூன்றாம் வீட்டுக் குடம் இன்று காலை முறை தவறி முதலாவதாக நின்றது. இதுகுறித்து விளக்கம் கோரப்படுகிறது." இருபது பக்கம் தள்ளி இன்னொன்று: "மேற்படி குடத்திடமிருந்து இதுநாள்வரை விளக்கம் வரப்பெறவில்லை. மூன்று தினங்களுக்குள் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." இடையில் வேறு வேறு அறிவிப்புகள், வாளியைப் பற்றி, சோப்பு நுரையைப் பற்றி. பிறகு: "மூன்றாம் வீட்டுக் குடம் அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். தங்கள் மௌனம் வருத்தத்துடன் கவனிக்கப்படுகிறது." ஒவ்வொரு அறிவிப்புக்குப் பின்னாலும் அதே வரி: தணிகாசலம் கையெழுத்திட்டார், தேதி போட்டார், ஒருமுறை படித்துப் பார்த்து, சரி என்றார்.

கடைசியில் ஒருநாள் காலையில் குடத்தின் வாயில் ஒரு கடிதம் செருகியிருக்கிறது. "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, தங்கள் கடிதங்கள் கிடைக்கப்பெற்றேன். காலியாக இருந்தபடியால் உடனே பதில் எழுத இயலவில்லை. என்னை யார் எங்கே வைத்தாலும் அங்கே நிற்பதே என் வழக்கம். தாமதத்துக்கு வருந்துகிறேன். இப்படிக்கு, தாழ்மையுள்ள, குடம்."

இதைப் படித்த அன்று மடிக்கிற பெண்கள் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து மெஷின்காரர் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் ஒரு கோட்டுக்குப் பதில் மூன்று கோடு போட்டேன். மூன்று மதியங்கள் படித்து முடித்தபோது பிரதி முழுக்க அறுபத்துச் சொச்சம் கோடுகள். இது தேறும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அப்போதுதான் என் படிப்பு வேலையைக் காட்டியது. கோடு விழுந்த இடங்களைப் பார்த்தேன். விழாத இடங்களைப் பார்த்தேன். விழாத இடங்கள் அதிகம். சிரிப்பு என்பது எதிர்பார்ப்பு உடைகிற இடத்தில் வருகிறது என்று வகுப்பில் படித்திருந்தேன். பெரிய சொல்லைச் சின்னப் பொருள் மேல் வைத்தால் சிரிப்பு, கோபத்தை மரியாதையால் சொன்னால் சிரிப்பு. அப்படியானால் உடைகிற இடங்களை நெருக்கமாக வைத்தால் சிரிப்பும் நெருக்கமாக வரும்தானே? யாரும் சிரிக்காத பக்கங்களை வெட்டினேன். பதினொரு அறிவிப்புகளில் எட்டை எடுத்துவிட்டேன். முதல் இரண்டு குட அறிவிப்புக்கும் ஒரு கோடுகூட இல்லை, "குடம் அவர்களுக்கு" என்பதற்கு மட்டும் கோடு இருந்தது, அதனால் அதை மட்டும் வைத்தேன். "சரி என்றார்" என்பது பதினொரு தடவை எதற்கு, சலிப்பாக இருக்கிறது என்று ஒரு தடவையாக்கி, "சரி என்று பெருமிதத்துடன் முழங்கினார்" என்று மாற்றினேன். இருநூற்று நாற்பது பக்கம் நூற்றெண்பது ஆனது. கச்சிதமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏகாம்பரம் நடுவில் ஒருநாள் வந்து, "புரூஃப் ஒரு தபா பாத்துட்டா நல்லாருக்கும் மேடம்" என்றார். நேரமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஏழு நோட்டுகளையும் அவரிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். "நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னதை அன்று பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நேரம் இல்லாமல் இல்லை. ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு வரிக்கும் வாதாடுவார் என்ற எரிச்சல்தான். இதை நீங்களும் செய்யப்போகிறீர்கள், எனக்குத் தெரியும். செய்யும்போது குறைந்தபட்சம் அது எரிச்சல் என்று தெரிந்து செய்யுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய திங்கட்கிழமை. முன்னூறு பிரதிக்கான தாள்கள் அச்சாகி மாடிக்கு வந்துவிட்டன. பெண்கள் மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு ஆசை, அச்சான தாளையே எடுத்துக் குடம் வருகிற இடத்தைப் படித்தேன். சிரிக்கப் போகிறார்கள் என்று ஒரு கண்ணால் அவர்களைப் பார்த்துக்கொண்டே படித்தேன். குடத்தின் கடிதத்தை முடித்தேன். மடிப்புத் தாளின் சரசரப்பு மட்டும் கேட்டது.

ஏற்கெனவே கேட்டதுதானே, அதனால் இருக்கும் என்று நினைத்து, அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த இரண்டு புதுப் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் மரியாதைக்காகப் புன்னகை செய்தார்கள். அந்தப் புன்னகையைப் போல ஒரு எடிட்டரைப் பயமுறுத்துவது எதுவும் இல்லை. வேறொரு அத்தியாயத்தைப் படித்தேன். அதுவும் அப்படியே போனது.

மடிக்கிற பெண்களில் கஸ்தூரி என்று ஒருத்தி. என் வயதுதான். ஈஜிபுராவிலிருந்து வருவாள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "என்ன மேடம் பண்ணீங்க இத?" என்று கேட்டாள்.

"ஏன், என்ன?"

"அன்னிக்கு நீங்க படிக்கறப்ப அந்த ஆளு நோட்டீஸ் ஒட்டிக்கினே இருந்தான். பேஜாரா இருந்துச்சு. எப்பதான்டா யாராச்சும் இவனுக்கு பதில் சொல்லுவாங்கன்னு எனக்கே ஆயிடுச்சு. அப்ப குடம் பதில் போட்டுச்சு. இன்னிக்கு அவன் ஒரே தபாதான் கேக்கறான், ஒடனே குடம் பதில் போடுது. கேக்காதவனுக்கு பதில் சொன்னா என்னா சிரிப்பு வரும்?"

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு எல்லாருக்கும் அலுப்பு, வெயில் வேறு என்று ஏதோ சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்துவிட்டது. தணிகாசலத்தின் கோபம் ஏற ஏற அவருடைய மரியாதையும் ஏறுகிறது. முதலில் வெறும் குடம், அடுத்து மேற்படி குடம், அப்புறம்தான் குடம் அவர்கள். நம் வீடுகளிலும் சண்டை முற்றினால்தானே கூடப் பிறந்தவனை "நீங்க" என்பார்கள், "அவர்" என்பார்கள். அந்தப் படிகளை எடுத்துவிட்டு மேல்படியை மட்டும் நான் வைத்திருந்தேன். கீழ்ப்படி இல்லாமல் "குடம் அவர்களுக்கு" என்று படித்தால் ஆசிரியர் நம்மைச் சிரிக்க வைக்க முயற்சி செய்கிறார் என்று தெரிகிறது. தெரிந்த பிறகு யாருக்கும் சிரிப்பு வராது. "பெருமிதத்துடன் முழங்கினார்" அதைவிட மோசம். "சரி என்றார்" என்று கதை சொல்கிறவர் முகம் தணிகாசலத்தின் முகத்தைப் போலவே இருக்கிறது. "முழங்கினார்" என்று சொல்கிறவர் பக்கத்தில் நின்று நம்மை இடிக்கிறார். எம்.ஏ.வில் இதற்கெல்லாம் பெயர் படித்திருந்தேன். பெயர் தெரிந்ததால் பொருளும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

முதலாளியிடம் போனேன். முழுவதையும் கேட்டார். "திரும்ப அடிக்க முடியாது. பேப்பரும் இல்ல, நாளும் இல்ல" என்றார். பிறகு, "ஏகாம்பரத்துக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்."

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும்ல? நாப்பது பேர் முன்னாடி?"

சொல்லிவிட்டு அவர் ரசீதுப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பித்தார். ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. புத்தகம் அழகாக இருக்கும். அந்த மனிதர் எழுந்து படிப்பார், பதினோரு வருஷம் சிரித்தவர்கள் புன்னகை செய்வார்கள். தனக்குச் சொல்லத்தான் தெரியும், எழுத வராது என்று அவர் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். என் மேல் சந்தேகமே வராது. அதை நினைத்தபோதுதான் என்னால் உட்கார முடியவில்லை. அன்று சாயங்காலமே ஜோகுபாளையத்துக்கு நடந்தேன்.

அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. அறுபது பக்கம் வெட்டினேன், தப்பாக வெட்டினேன், அச்சும் ஆகிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெட்டுவீங்கன்னு தெரியும் மேடம். அறுபதா?"

"ஆமாம் சார்."

"நான் புரூஃப் கேட்டேன்ல."

மன்னிச்சுக்குங்க என்றேன். ஒரு மாதம் தள்ளி வைத்து முழுசாகத் திரும்ப அச்சடித்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "வெள்ளிக்கிழமையோட ஒருத்தன் ஒசூர் போறான், ஒருத்தன் கோலார் போறான். அப்புறம் யார எங்க புடிக்கிறது? விடுங்க, இருக்கறத குடுப்போம்." பிறகு சட்டென்று, "சிரிச்ச எடத்துல கோடு போடுவோம்னீங்களே, அது இருக்குதா?" என்று கேட்டார்.

பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது கோடுகளும் அதோடு போயிருந்தன. நோட்டுகளை எடுத்து வரச் சொல்லி ஓரத்துப் பென்சில் கோடுகளைக் காட்டினேன். அவற்றையும், வெட்டுக்கு நான் போட்ட குறுக்குக் கோடுகளையும் அச்சுக்காரர்களின் ஏதோ குறி என்று அவர் நினைத்திருக்கிறார். ஒவ்வொரு நோட்டாகப் புரட்டி விரலால் எண்ணினார். முகம் தெரியாத பத்துப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நான் செய்த காரியத்தைக் கொஞ்ச நேரம் மறந்தே போனார்.

"நானும் கோடு போடறதுண்டு மேடம், மனசுல" என்றார் பிறகு. "ஆனா சிரிக்கிறப்ப இல்ல. கேன்டீன்ல சொல்றப்ப கையத்தான் பாப்பேன். சோத்த பெசஞ்சிக்கினே இருந்தா அவன் கேக்கல. கை அப்படியே தட்டுல நின்னுச்சின்னா கேக்கறான். நின்னு ரொம்ப நேரம் ஆச்சின்னா அப்ப குடத்த எறக்குவேன். சிரிக்காம இருக்கறதுல ரெண்டு ஜாதி இருக்குதில்ல?"

மூன்று மதியங்கள் அந்தப் பெண்களுக்கு எதிரே உட்கார்ந்து படித்திருக்கிறேன். அவர்கள் கைகளை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு பென்சிலோடு இருந்தேன். வெட்கமாக இருந்தது. இதை நான் ஒரு நூலிலும் படித்ததில்லை, ஒரு ஃபிட்டர் ஜோகுபாளையத்தில் துண்டோடு உட்கார்ந்து சொன்னார்.

அப்போது அவர் இரண்டாம் நோட்டைத் திறந்து, "ரெண்டாவது அத்தியாயத்துல மொத ஆறு பக்கம், அதுவும் இல்லியா?" என்று கேட்டார். தணிகாசலம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பழக்கத்தில் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வருகிற பகுதி அது. ஆறு பக்கத்திலும் ஒரு கோடு கிடையாது. நான் முதலில் வெட்டியதே அதைத்தான். இல்லை சார் என்றேன்.

"அதுல சிரிக்க ஒண்ணும் இல்லதான்" என்று சொல்லி நோட்டை மூடினார்.

ஜோகுபாளையத்திலிருந்து திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. அறுபது பக்கத்தையும் காப்பாற்ற முடியாது. ஆனால் அந்த எட்டு அறிவிப்புகள்? அவை நாவலுக்குள்ளேயே சுவரில் ஒட்டப்படுகிற தாள்கள். புத்தகத்திலும் ஒட்டினால் என்ன? பிழை திருத்தம் என்று ஒரு துண்டுத் தாளைப் பின்னால் ஒட்டி அனுப்புவது எங்கள் தொழிலில் உண்டு. மறுநாள் அவருடைய நோட்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன மெஷினில், மஞ்சள் தாளில், எட்டு அறிவிப்புகளையும் தனித்தனியாக அடித்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் அந்தச் "சரி என்றார்" வரியைச் சேர்த்தேன். தைத்து முடித்த ஒவ்வொரு பிரதியிலும் அது வந்திருக்க வேண்டிய பக்கத்தின் ஓரத்தில் பசை தடவி ஒட்ட வேண்டும். முன்னூறு பிரதி, பிரதிக்கு எட்டு. முதலாளி, "ஒட்டுங்க" என்று மட்டும் சொன்னார். அவரே ஒரு பசைக் கிண்ணத்தோடு பாயில் வந்து உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை மதியம் ஒட்டி முடித்த பிரதி ஒன்றை எடுத்து, இரண்டு புதுப் பெண்களும் கேட்கும்படி படித்தேன். இந்த முறை பென்சில் எடுக்கவில்லை. முதல் மஞ்சள் தாளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் ஒருத்தியின் கை மெதுவானது. "குடம் அவர்களுக்கு" என்று வந்தபோது ஐந்து பேர் கையில் பசைத் தூரிகை அந்தரத்தில் நின்றது. நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். "மேடம், நடுவுல நிறுத்தாதீங்க" என்றாள் கஸ்தூரி. குடத்தின் கடிதத்தைப் படித்தேன். அப்புறம் நடந்ததில் நாலு பிரதி பசை சிந்தி வீணாய்ப் போனது. அந்த நாலு பிரதிக்காக நான் வருத்தப்படவே இல்லை.

பிற்பாடு அந்த மஞ்சள் தாள்களைப் பலரும் பாராட்டினார்கள். எடிட்டரின் புதுமை என்றுகூட ஒருவர் சொன்னார். அது என் தப்பின் மேல் போட்ட ஒட்டு என்று நான் சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். உங்கள் வேலையிலும் இப்படி நடக்கும், தப்புக்குக் கிடைத்த பாராட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக் கேன்டீனுக்கு நான் புத்தகக் கட்டுகளோடு போனேன். நீளமான மேசைகள், எவர்சில்வர் தட்டுகளில் சோறு, ராகிக்களி உருண்டையான முத்தை, அன்றைக்கென்று பாயசம். தமிழர்கள் பாதி, கன்னடக்காரர்கள் பாதி. எல்லார் கையிலும் ஒரு பிரதி கொடுக்கப்பட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். "நமக்கு தமிள் படிக்க பரல்லா மேடம்" என்றார், படிக்க வராது என்று. "ஆனா ஸ்டோரி பூரா கொத்து." கதை முழுக்கத் தெரியும், பதினோரு வருஷமாகக் கேட்கிறேன் என்றார்.

ஏகாம்பரம் எழுந்து படித்தார். மஞ்சள் தாள் வருகிற இடத்திலெல்லாம் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கேன்டீன் முழுக்கக் கைகள் தட்டில் நின்றன. குடத்தின் கடிதம் வந்தபோது அவர் படிக்கத் தேவையே இருக்கவில்லை. "தாமதத்துக்கு வருந்துகிறேன்" என்று நாற்பது பேரும் சேர்ந்து சொல்லிவிட்டு, சொன்ன கையோடு மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்பார்ப்பு உடைந்தால்தான் சிரிப்பு என்று படித்தவள் நான். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தவர்கள் இப்படிச் சிரித்ததற்கு என்னிடம் ஒரு விளக்கமும் இல்லை. இன்றுவரைக்கும் முழு விளக்கம் கிடையாது. தெரிந்த இடத்துக்கு எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேர்வதிலும் ஒரு சிரிப்பு இருக்கிறது என்பது வரைக்கும்தான் வந்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் புத்தகத்தை மூடிவிட்டுத் துணிப்பையிலிருந்து இரண்டாம் நோட்டை எடுத்தார். "இது புக்குல இல்ல. எடம் பத்தலன்னு விட்டுட்டோம்" என்றார்.

எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். இடம் இருந்தது, நான்தான் வெட்டினேன், அதில் யாரும் சிரிக்கவில்லை என்று வெட்டினேன் என்றேன். யாரோ கன்னடத்தில் பக்கத்து ஆளிடம் கேட்டார், அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மேசைகளுக்கு நடுவே நடந்து வந்து நோட்டைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப நீங்களே படிங்க மேடம்."

படித்தேன். தணிகாசலம் எழுந்திருக்கிறார், குளிக்கிறார், இஸ்திரி போட்ட சட்டையைப் போடுகிறார். மனைவியும் பழக்கத்தில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்துவிடுகிறாள். கொடுத்த பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வருகிறது, இருவரும் அதைச் சொல்லவில்லை. அவர் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார். பஸ் வருகிறது. தெரிந்த கண்டக்டர், விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நீங்கள் போங்கள், அடுத்ததில் வருகிறேன் என்கிறார் தணிகாசலம். அடுத்ததும் வருகிறது. மூன்றாவது பஸ்ஸும் போன பிறகு ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, காலை ஒன்பதரைக்கு, மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிக்கிறார். டப்பாவைக் கழுவ எங்கேயும் தண்ணீர் இல்லாததால் வீட்டுக்குத் திரும்புகிறார். வாசலில் குழாயடியில் பெண்கள் ஒரு குடத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் மேசையில் நான் இந்தப் பக்கங்களின் மேல் ஒரே இழுப்பில் குறுக்குக் கோடு போட்டிருந்தேன். அந்தக் கோட்டுக்கு அடியிலிருந்துதான் இப்போது படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஒரு கையும் அசையவில்லை. அடுத்த வரியைப் படித்தேன்: சண்டையைச் சிறிது நேரம் பார்த்த தணிகாசலம், வீட்டுக்குள் போய், ஒரு வெள்ளைத்தாள் இருக்குமா என்று மனைவியிடம் கேட்டார்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான சைரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தைத் திருப்பினேன்.